தொக்-சுன் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

“அந்த சிக்னல் மட்டும் பச்சையா இருந்திருந்தா...” என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். நாங்கள் அந்தத் தொடரைப் பார்த்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சாலையில் எங்காவது சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் போதும், அவளுக்கு ஜுங்-ஹ்வான் ஞாபகம் வந்துவிடும்.

‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொடரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கதையின் முடிவும் இதில் வந்துவிடும், அதனால் பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். சியோலில் சாங்முன்-டோங் என்ற பகுதி. அங்கே ஒரு சந்து, அதில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒன்றாக வளர்ந்த ஐந்து பேர். நான்கு பையன்கள், ஒரே ஒரு பெண். அவள்தான் தொக்-சுன். நான்கு பேரில் இரண்டு பேருக்கு அவள்மேல் ஆசை. ஒருவன் மாடிவீட்டு ஜுங்-ஹ்வான், வாயைத் திறந்தால் நக்கல். இன்னொருவன் தேக், ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் நாடே கொண்டாடும் ஆட்டக்காரன், ஆனால் ஷூ லேஸ் கட்டத் தெரியாது. வருங்காலத் தொக்-சுன் தன் கணவரோடு உட்கார்ந்து பழைய கதையைச் சொல்கிறாள். அந்தக் கணவர் யார் என்பதைக் கடைசி வரை சொல்ல மாட்டார்கள். 2015 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை டிவிஎன் சானலில் 20 பாகங்களாக வந்தது. எழுதியவர் லீ வூ-ஜுங், இயக்கியவர் ஷின் வோன்-ஹோ.

சிக்னல் வருவது 18ஆம் பாகத்தில். 1994ஆம் வருஷம். தொக்-சுன் ஒரு பாட்டுக் கச்சேரி வாசலில் தனியாக நிற்கிறாள், கூட வர வேண்டியவன் வரவில்லை. அதைத் தெரிந்துகொண்டு ஜுங்-ஹ்வான் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. போய்ச் சேரும்போது தேக் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறான், அன்றைய ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். ஆசிய நாடகங்களில் நாயகி கைவிடும் இரண்டாவது ஆளுக்காக அழுகிற பழக்கத்துக்கு ரசிகர்கள் ‘செகண்ட் லீட் சிண்ட்ரோம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்தது அந்த ராத்திரியில்தான்.

2020 ஊரடங்கில் பார்த்தோம். அக்கா கோவையில், நான் சென்னையில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரு பாகம் முடிந்ததும் போன். ஒவ்வொரு பாகமும் சுமார் ஒன்றரை மணி நேரம், போனில் பேசினது அதைவிட அதிகம் இருக்கும். முதல் வாரமே இரண்டு பேரும் ஜுங்-ஹ்வான் கட்சி. வேறு வழியே இல்லை என்றுதான் அப்போது தோன்றியது. அந்தப் பேருந்துக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட நேரத்துக் கூட்டம். தொக்-சுன் நடுவில் நசுங்குகிறாள். ஜுங்-ஹ்வான் பின்னால் வந்து நின்று, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்து, கையையே வேலியாகப் போடுகிறான். பேருந்து சாயும்போதெல்லாம் கேமரா அவன் கைக்குப் போகிறது. நரம்பு புடைத்து நிற்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. காலையில் அவள் வெளியே வரும் வரை வாசலில் உட்கார்ந்து, கட்டின லேஸையே அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பான். அவள் கதவைத் திறந்ததும் தற்செயலாகக் கிளம்புகிறவன் மாதிரி எழுந்திருப்பான். மழை ராத்திரியில் குடையை நீட்டிவிட்டு, நேரத்தோடு வீட்டுக்கு வா என்று முறைத்துவிட்டுப் போவான்.

தமிழ்நாட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பையனைத் தெரியும். சொல்லாமலே காதலிப்பதுதான் பெரிய காதல் என்று நமக்கு எத்தனை தலைமுறையாக ஊட்டியிருக்கிறார்கள்! அக்காவும் நானும் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

கொரியாவிலும் அப்படித்தான் விழுந்தார்கள். ‘எப்படியும் புருஷன் ரியூ ஜுன்-யோல்தான்’ என்ற வாக்கியத்தைச் சுருக்கி ‘ஒநாம்ரியு’ என்று ஒரு சொல்லையே உண்டாக்கினார்கள். ரியூ ஜுன்-யோல் என்பது ஜுங்-ஹ்வானாக நடித்தவர் பெயர். எதிர்க்கட்சிக்காரர்களுக்கு ‘ஒநாம்தேக்’. கடைசிப் பாகத்தை நாடு முழுக்க 18.8 சதவீதப் பார்வை விகிதத்தோடு பார்த்தார்கள். கொரியக் கேபிள் சானல்களில் அதுவரை எந்தத் தொடரும் தொடாத உயரம். அதோடு கோபமும் வந்தது. எழுத்தாளர் ஏமாற்றிவிட்டார், கடைசியில் தடம் மாற்றிவிட்டார், இத்தனை பாகம் ஒருவனைக் காட்டிவிட்டு இன்னொருவனுக்குக் கட்டிவைத்துவிட்டார். ஆங்கிலத்தில், தமிழில், எந்த மொழியில் இந்தத் தொடரைப் பற்றிப் பேசினாலும் இந்த மூன்றும் இன்றைக்கும் வரும்.

நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் இரண்டாம் தடவை பார்க்கும் வரைக்கும்.

இரண்டாம் தடவை, முதலில் காதில் விழாத ஒன்று விழுந்தது. தொக்-சுனுக்கு யாரைப் பிடிக்கும் என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை. தோழிகள், அந்த நான்கு பையன்களில் ஒருவனான சுன்-வூ உன்னைத்தான் விரும்புகிறான் என்கிறார்கள், உடனே அவளும் சுன்-வூவை விரும்ப ஆரம்பிக்கிறாள். அவன் விரும்புவது அவளுடைய அக்கா போ-ராவை என்று தெரிந்ததும் நொறுங்கிப் போகிறாள். அப்புறம் தோழிகள், ஜுங்-ஹ்வான்தான் என்கிறார்கள். உடனே அவன் பக்கம் திரும்புகிறாள். அவன் பதிலுக்கு எதுவும் காட்டுவதில்லை. என்னை யாருக்குமே பிடிக்காது என்று அவள் உடைந்து போய் உட்கார்ந்திருக்கும்போது, கூட்டாளிகளில் இன்னொருவனான டோங்-ரியோங் ஒன்று கேட்கிறான். யாருக்கு உன்னைப் பிடிக்கும் என்று தேடுவதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும்?

எத்தனை பெரிய கேள்வி அது! முதல் தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். காரணமும் தெரியும். அப்போது ஜுங்-ஹ்வான் என்ன செய்வான் என்ற கவலையில் இருந்தேன். தொக்-சுன் என் கண்ணுக்கு ஜுங்-ஹ்வான் அடைய வேண்டிய பரிசாகத்தான் தெரிந்திருக்கிறாள்.

சரி, இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று திரும்பவும் முன்னால் போனேன். தொக்-சுன் யாரைப் பார்க்கிறாள்? யார் பக்கத்தில் அவள் கை சும்மா இருப்பதில்லை? தேக் பக்கத்தில்தான். ஷூ லேஸ் கட்டிவிடுகிறாள். அவன் போட்டிக்காகச் சீனா போகும்போது கூடவே போகிறாள், ஒரு வேலைக்கும் லாயக்கில்லாத பெண் என்று வீட்டில் பேர் வாங்கியவள், அங்கே அவனுக்கு எப்போது என்ன வேண்டும் என்பதை அறிந்த ஒரே ஆளாக இருக்கிறாள். அவனோடு இருக்கும்போது அவள் முட்டாள் இல்லை. ஜுங்-ஹ்வானோ அவளை முட்டாள் என்று சொல்லிச் சொல்லியே அன்பு காட்டுகிறவன். நாம் அதை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். படிப்பு வராது என்று தினமும் இடி வாங்கும் ஒரு பெண்ணுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

அப்படியானால் எழுத்தாளர் ஏமாற்றவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? அதுவும் முடியாது. ஏனென்றால் 19ஆம் பாகத்தில் ஒரு விஷயம் வெளிவருகிறது. முன்னே ஒரு ராத்திரி, தூக்க மாத்திரை மயக்கத்தில் தேக் அவளை முத்தமிட்டிருப்பான். கனவா நிஜமா என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் சொல்ல மாட்டார்கள். அவளோ, கனவுதான் என்பதுபோல விட்டுவிடுவாள். வருஷங்கள் கழித்து, அது நிஜம் என்று தெரிகிறது. அத்தனை காலம் தொக்-சுன் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்! ஒரு பெண் அப்படி ஒரு ரகசியத்தோடு தினமும் அவன் அறைக்குப் போய் வந்து, கூட உட்கார்ந்து ராம்யுன் நூடுல்ஸ் சாப்பிட்டு, சிரித்துப் பேசியிருக்கிறாள் என்றால், அவளுக்குள்ளே எவ்வளவு நடந்திருக்கும்? அதில் ஒரு நிமிஷம்கூட எழுத்தாளர் நமக்குக் காட்டவில்லை. காட்டினால் புருஷன் யார் என்ற புதிர் உடைந்துவிடும். புதிரைக் காப்பாற்றுவதற்காக நாயகியின் மனசைப் பூட்டி வைத்துவிட்டார்கள். வருங்காலக் கணவராக வரும் கிம் ஜூ-ஹ்யுக்கின் பேச்சும் நக்கலும் ஜுங்-ஹ்வானை அப்படியே உரித்து வைத்த மாதிரி இருந்ததும் அதே புதிருக்காகத்தான்.

என் வருத்தம் இதுதான். இரண்டு பையன்களின் ஏக்கமும் நமக்கு மனப்பாடம். நண்பர்களிடம் தேக் முதலில் சொல்லிவிட்டான் என்பதற்காக ஜுங்-ஹ்வான் ஒதுங்குகிறான். ஜுங்-ஹ்வானின் பர்ஸில் இருக்கும் போட்டோவைப் பார்த்துவிட்டுத் தேக் ஒதுங்குகிறான். நட்புக்காக இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதை எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள்! ஆனால் விட்டுக்கொடுக்கப்படுகிற பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன்களும் கேட்கவில்லை, கதையும் கேட்கவில்லை. டோங்-ரியோங் ஒருவன் கேட்டான், அவன் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை நம்மிடம் மறைத்துவிட்டார்கள்.

இதே தொடரில் இன்னொரு காதல் இருப்பதால்தான் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது. போ-ராவும் சுன்-வூவும். அதில் புதிரே கிடையாது. அவள் அவனைவிடப் பெரியவள், சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவி, போராட்டங்களுக்குப் போகிறவள், வீட்டையே மிரட்டி வைத்திருப்பவள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் நமக்குத் தெரியும். எங்கே இறங்கி வருகிறாள், எங்கே பயப்படுகிறாள், ஏன் விட்டுவிட்டுப் போகிறாள், எல்லாமே தெரியும். அவர்களுக்கு முன்னால் இருக்கும் தடையும் நிஜமான தடை. இரண்டு பேருக்கும் சுங் என்ற ஒரே குடும்பப் பெயர், ஒரே பூர்வீகம். அப்படிப்பட்டவர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்று கொரியாவில் சட்டமே இருந்தது. 1997இல்தான் அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. ஒரே கோத்திரத்தில், ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்களுக்குள் பெண் எடுக்க மாட்டோம் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பெற்றோர்கள் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு சப்டைட்டிலே தேவைப்படவில்லை. போ-ரா கல்யாண நாளில் அப்பாவின் காலைப் பார்ப்பாள். அவள் வாங்கிக் கொடுத்த ஷூ அவருக்குப் பெரிது. உள்ளே டிஷ்யூ பேப்பரைத் திணித்து வைத்துக்கொண்டு அதையே போட்டு நடந்து வந்திருப்பார். அந்தக் காட்சிக்கு நான் இரண்டு தடவையும் அழுதேன். அந்த அழுகைக்கு யார் புருஷன் என்ற கேள்வி எதுவும் தேவைப்படவில்லை.

தொக்-சுனைக் காதலுக்கு வெளியே எழுதும்போது இதே லீ வூ-ஜுங் எவ்வளவு நன்றாக எழுதுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் பாகத்தில் ஒரு பிறந்தநாள். அக்காவுக்கும் அவளுக்கும் சில நாள்தான் வித்தியாசம், அதனால் வருஷா வருஷம் ஒரே கேக். அக்கா ஊதி முடித்த மெழுகுவர்த்தியைத் திரும்பப் பற்றவைத்து அவளுக்கு நீட்டுகிறார்கள். அன்றைக்கு வெடிக்கிறாள். எனக்கும் முட்டை பொரியல் பிடிக்கும், ஏன் அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும்? கோழிக் கால் அவர்களுக்கு, இறக்கை மட்டும் எனக்கா? அக்கா பேர் போ-ரா, தம்பி பேர் நோ-உல், எனக்கு மட்டும் ஏன் தொக்-சுன் என்ற பழைய பேர்?

நான் மூன்று பேரில் நடுப்பிள்ளை. அக்காவின் பாவாடை எனக்கு, என் பள்ளிப் பையோ தம்பிக்குப் போகவில்லை, அவனுக்குப் புதுசு. தொக்-சுன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் திரையை நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்புறம் அவள் அப்பா ஒரு சின்ன கேக்கோடு சந்தில் காத்திருப்பார். அப்பா பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, அப்பாவுக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்பார். கொரிய மொழியிலும் அப்பாவுக்கு ‘அப்பா’தான். அந்தச் சொல் மட்டும் சப்டைட்டிலைத் தாண்டி நேராக வந்து விழுந்தது. அன்றைக்கு ராத்திரி அக்கா போனில் ரொம்ப நேரம் பேசவில்லை. “உனக்கு அப்படி இருந்துச்சாடி?” என்று மட்டும் கேட்டாள்.

முட்டைக்காக அழுகிற தொக்-சுனின் மனசை இவ்வளவு திறந்து காட்டியவர்கள், அதே பெண் ஒருவனை விரும்பும்போது கதவைச் சாத்திவிட்டார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்படிச் சாத்துவது புதிதில்லை. புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்கள் தமிழ் பேசி வந்த காலத்தில் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ பார்க்காத பெண் எங்கள் வட்டத்தில் கிடையாது. கமியோ யோகோ வரைந்த ஜப்பானிய மங்காவிலிருந்து வந்த கதை. தைவானில் 2001, ஜப்பானில் 2005, கொரியாவில் 2009 என்று ஒவ்வொரு நாடும் எடுத்துத் தீர்த்தது. பணக்காரப் பையன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவான். எனக்கு அப்போது அது ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது அந்தக் காட்சிகளைப் பார்த்தால் அவள் கைதான் தெரிகிறது, வலிக்கும் என்று தோன்றுகிறது. இதைச் சொன்னால், பழைய தொடரை இன்றைய கண்ணால் பார்க்காதே என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. எனக்கு வேறு கண் எது இருக்கிறது?

2020இல் வந்த ‘ஸ்டார்ட்-அப்’ பற்றிய சண்டையில் மட்டும் நான் ரசிகர்கள் பக்கம். தால்-மி சின்ன வயதில் ஒரு பையனின் கடிதங்களைப் படித்தே தேறி வந்தவள். அந்தக் கடிதங்களை எழுதியது ஜி-ப்யோங், ஆனால் பேப்பரில் பார்த்த டோ-சான் என்ற இன்னொரு பையனின் பெயரைப் போட்டு எழுதியிருப்பான். அவளுடைய பாட்டி கேட்டுக்கொண்டதால் எழுதியது. முதல் பாகமே ஜி-ப்யோங்குக்கும் அந்தப் பாட்டிக்கும் நடுவே இருக்கிற பாசத்தில்தான் நிற்கிறது. அவ்வளவு கனமான அஸ்திவாரத்தைப் போட்டுவிட்டு வீட்டை வேறு மனையில் கட்டினால் பார்க்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். தால்-மி டோ-சானைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குத் தகராறு இல்லை. கடிதங்கள் வேறொருவனுடையவை என்று தெரிந்த பிறகு அவளுக்குள் என்ன நடந்தது என்பதற்கு இன்னும் இரண்டு மூன்று காட்சியாவது வேண்டியிருந்தது.

அக்கா இதற்கெல்லாம் ஒரே பதில் வைத்திருப்பாள். “பொண்ணு மனசைத் தொறந்து காட்டிட்டா சஸ்பென்ஸ் போயிடும்டி. அப்புறம் யாரு பார்ப்பா?”

2025 மார்ச்சில் அவளுக்கு நான் பதில் சொன்னேன். லிம் சாங்-சுன் எழுதிய ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ நெட்ஃபிளிக்ஸில் வாரம் நான்கு பாகமாக நான்கு வாரம் வந்தது. ஜேஜு தீவில் ஏ-சுன் என்ற பெண், க்வான்-சிக் என்ற பையன். இவர்கள்தான் சேருவார்கள் என்று முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும். ஏ-சுனுக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கவிதை எழுத வேண்டும், தீவைவிட்டுப் போக வேண்டும், கடலில் மூழ்கிச் சம்பாதித்தே தேய்ந்துபோன அம்மா மாதிரி ஆகிவிடக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் அவளுடைய காதலை எழுதுகிறார்கள். சஸ்பென்ஸ் எங்கே போனது? அக்காவும் நானும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்துக்கிடந்தோம்.

க்வான்-சிக் ரொம்ப நல்லவன், இப்படி ஒரு ஆண் எங்கேயும் கிடையாது என்று குறை சொல்கிறார்கள். கப்பலிலிருந்து குதித்து அவளிடம் நீந்தி வரும் காட்சியை வைத்துச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அந்தத் தொடரில் காதல் காட்சி என்றால் வேறு. மாமியார் வீட்டில் சாப்பாடு. ஆண்களுக்குப் பெரிய மேசை, பெண்களுக்கு ஓரத்தில் சின்ன மேசை. க்வான்-சிக் பெரிய மேசையில் உட்கார்ந்திருப்பான். எதுவும் சொல்லாமல், உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைத் திருப்பி, முதுகைப் பெரிய மேசைக்குக் காட்டி, அவளோடு சேர்ந்து சாப்பிட ஆரம்பிப்பான். அவ்வளவுதான். எங்கள் பாட்டி வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அம்மாவுக்கு இலை விழும். அப்பா ரொம்ப நல்லவர், ஆனால் ஒருநாளும் திரும்பி உட்கார்ந்ததில்லை. ஜுங்-ஹ்வானும் பேசாமல் செய்தான், க்வான்-சிக்கும் பேசாமல்தான் செய்கிறான். ஆனால் க்வான்-சிக் செய்தது அவளுக்குத் தெரிந்தது. அவள் தட்டுக்கு முன்னால் நடந்தது.

போன பொங்கலுக்கு அக்கா ஊருக்கு வந்திருந்தாள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ‘ரிப்ளை 1988’ போட்டோம், நேராக 18ஆம் பாகம். அதில் சிக்னலுக்கு அப்புறம் ஒரு காட்சி. நண்பர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஜுங்-ஹ்வான், விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி மோதிரத்தை வைத்து, தொக்-சுனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். எத்தனை நாள் காத்திருந்தேன், எத்தனை நாள் தூங்காமல் நீ வருகிறாயா என்று பார்த்திருந்தேன் என்று. சொல்லி முடித்ததும், எல்லாம் விளையாட்டுக்கு என்று டோங்-ரியோங் பக்கம் திரும்பிச் சிரித்துவிடுவான். இத்தனை வருஷமாக நாங்கள் அந்தக் காட்சியில் ஜுங்-ஹ்வானைத்தான் பார்த்திருக்கிறோம். அக்காவின் கண் அப்போதே கலங்கிவிட்டது.

“நிறுத்து, பின்னாடி போ. அவ மூஞ்சியப் பாரு” என்றேன்.

பின்னால் தள்ளிப் போட்டாள். அவன் பேசப் பேச, தொக்-சுன் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். விளையாட்டு என்று அவன் சொன்ன பிறகும் அவள் சிரிக்கவில்லை. மோதிரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு அவன் போகிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா இன்னொரு தடவை பின்னால் தள்ளினாள். திரும்பவும் பார்த்தாள். அப்புறம் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாமே தெரிஞ்சிருக்கு. அப்போ ஏண்டி நமக்கு ஒரு வார்த்தை சொல்லல?”